சிலுப்பாத கிடா

அந்தக் கயித்தைக் கொஞ்சம் புடிங்க கண்ணு. காய் அப்புறம் பொறுக்கிக்கலாம், அது எங்கயும் ஓடிப்போகாது. இழுங்க. நல்லா இழுங்க, அவனுக்கு ஒண்ணும் ஆகாது. மானம் கருத்துட்டு வருது, பாக்கலையா நீங்க? இவனைக் கொண்டுபோய் அந்தத் தகரத்துக்கு அடியில கட்டுனாத்தான் எனக்கு மத்த வேலையெல்லாம். டேய்! வாடா உள்ள! நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்கறதைப் பாரு. உன்னைத்தான்டா!

அப்பாடா. நீங்களும் இப்படி உள்ள வந்து நில்லுங்க. என்ன, கொடியில துணி காயுதுங்களா? நனையட்டும். வெங்காயமா? அதும் நனையட்டும். இந்தத் தோட்டத்துல நனையக்கூடாதது ஒண்ணே ஒண்ணுதான், இதா நிக்குதே, இந்தக் கிடா. போன சித்திரையில இருந்து இன்னிக்கு வரைக்கும் இவன் மேல ஒரு சொட்டுத் தண்ணி படாமப் பாத்துக்கிட்டு இருக்கறேன். நான் பெத்த புள்ளையைக்கூட இப்படிக் காவந்து பண்ணுனதில்லைங்க.

சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.

திருப்பூருங்களா நீங்க? எங்ககிட்டக் காய் வாங்கறவங்க முக்கால்வாசிப் பேரு அங்கதான். ஞாயித்துக்கெழமையானா வந்துருவாங்க. கத்திரிக்காயில புழு ஓட்டை இருக்குதான்னு திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. ஓட்டை இருந்தாத்தான் நல்ல காயாம்! கோழியைப் படம் புடிப்பாங்க, செவலை மாட்டைத் தொட்டுக் கும்புடுவாங்க. அப்புறம் நேரா இவன்கிட்ட வந்து, "அக்கா, இந்த ஆட்டுக்கு என்ன பேரு?"ம்பாங்க. பேரா? சாமிக்கு நேந்து உட்ட கிடாய்க்கு யாராச்சும் பேரு வெப்பாங்களா? பேரு வெச்சா அப்புறம் வெட்ட மனசு வருமா? நான் வெக்கலைங்க. டேய்ன்னா வருவான். தம்பின்னாலும் வருவான். கருப்பட்டின்னாலும் வருவான், ஆனா அது பேரு இல்லைங்க. ஆளு கருப்பா இருக்கறான்னு ஒரு பேச்சுக்குச் சொல்றது.

அந்தப் பையை மேல ஆணியில மாட்டுங்க. துணிப்பைன்னா தின்னு தீத்துப்போடுவான்.

கோவம் உங்க மேல இல்லைங்க கண்ணு, நீங்க மொகத்தைச் சுருக்காதீங்க. கோவமெல்லாம் எங்க கொழுந்தனாரு மேல. லோகநாதன்னு பேரு, எங்க ஊட்டுக்காரரோட கூடப்பொறந்த தம்பி. நீங்க வர்ற வழியில மெயின் ரோட்டு மேல ஒரு பெரிய உரக்கடை பாத்திருப்பீங்க, ஆளுயரத்துக்குத் தக்காளி வரைஞ்சு போர்டு வெச்சிருக்குமே, அது அவரு கடைதான். அந்தத் தக்காளி எவன் தோட்டத்துல காய்ச்சுதோ. எங்க முனியப்பன் கோயிலுக்கும் அவருதான் நிர்வாகி. கடையும் அவருது, கோயிலும் அவருது, நாயமும் அவருது. எம் பேரு பூவாத்தா. எனக்குன்னு இருக்கறது இந்த வாய் ஒண்ணுதான், அதும் இல்லைன்னா என்னைய மண்ணோட மண்ணா மிதிச்சிருப்பாங்க.

மொதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு நாயம் புரியும்.

நாங்களும் எல்லாரையும் போல பூச்சி மருந்து அடிச்சவங்கதாங்க. பொறக்கும்போதே யாரும் இயற்கை விவசாயியாப் பொறக்கறதில்லை. கத்திரி போட்டிருந்தோம், காய்ப்புழு புடிச்சு நாசமாப் போச்சு. கொழுந்தனாரு கடையில இருந்து ஒரு மருந்து குடுத்துவிட்டாரு. புதுசா வந்திருக்குது, ஒருக்கா அடிச்சாப் போதும்னு. எங்க ஊட்டுக்காரரு டேங்கை முதுகுல தூக்கறாங்க. நான் சொன்னேன், காத்து எதுக்க வீசுது, இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு அடிங்கன்னு. கேட்டாத்தானே? மூஞ்சிக்கு ஒரு துண்டுகூடக் கட்டாமப் போனாங்க. நான் சோத்துப் போசியோட போய்ப் பாக்கறேன், வரப்பு மேல தலை கெடக்குது, வாய்க்காலுக்குள்ள காலு கெடக்குது. வாயெல்லாம் நொரை. போசி எங்க விழுந்துச்சு, நான் என்னன்னு கத்துனேன், ஒண்ணும் ஞாவகம் இல்லைங்க.

யாரு வந்து தூக்குனாங்கன்னு கேக்கறீங்களா? அவருதான். கொழுந்தனாருதான். காரைக் கத்திரிச் செடி மேலயே ஓட்டிக்கிட்டு வந்தாரு. அண்ணனைத் தூக்கிப் போட்டுக்கிட்டுக் கோயமுத்தூருக்குப் பறந்தாரு. அதை நான் இல்லைங்கல. ஆசுபத்திரி வாசப்படியில உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லை. ஊட்டுக்குப் போப்பான்னு நானே சொன்னேன், போகலை. அண்ணன் கண்ணு முழிக்கற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாமக் கெடந்தாரு. எல்லாம் நடிப்புங்க. மருந்து குடுத்தது யாரு? குடுத்துப்போட்டு அழுதா ஆச்சுங்களா?

அந்த வாசப்படியில நின்னுக்கிட்டுத்தான் நான் நேந்தேன். "முனியப்பா, இந்த மனுசனை எழுப்பிக் குடு. எங்க பட்டியில அடுத்துப் பொறக்கற கிடாக்குட்டி உனக்கு." அடுத்துப் பொறக்கறதுன்னு சொல்லிப்போட்டேன், அதைக் கவனிச்சுக்குங்க. ஒரு கிடா வெட்டறேன்னு பொதுவாச் சொல்லியிருந்தா சந்தையில ஒண்ணைப் புடிச்சாந்து முடிச்சிருக்கலாம். இருந்த பதட்டத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சாமிகிட்டச் சொன்னதை அப்புறம் மாத்த முடியுங்களா?

இவிய, எங்க ஊட்டுக்காரரு, கண்ணு முழிச்சாங்க. ஆனா நெஞ்சு பழைய நெஞ்சு இல்லை. நாலு அடி நடந்தா இழைக்குது, பேசுனாக் கரகரங்குது. ஊட்டுக்கு வந்து பாத்தா, ஆடு குட்டி போட்டுட்டுச் செத்துக் கெடக்குது. குட்டி உசுரோட இருக்குது. கருப்பு. கிடா. என்னத்தைச் சொல்ல? தாயைப் பொதைச்சுப்போட்டு, செவலைப் பாலைப் புட்டியில ஊத்தி நான்தான் குடுத்தேன். சாமி சொத்து செத்துப்போகக் கூடாதில்லைங்களா, அதுக்காக. குளுருதுன்னு என் பழைய சீலையைச் சுத்தி விட்டேன். அதும் சாமிக்காகத்தான்.

அன்னிக்கே இந்தத் தோட்டத்துல இருந்த மருந்து டப்பா எல்லாத்தையும் அள்ளிக்கொண்டுபோய்க் கொழுந்தனாரு கடை வாசல்ல கொட்டுனேன். ஊரே பாத்துச்சு. இனி ஒரு சொட்டு வெசம் எங்க மண்ணுல விழாதுன்னு சொல்லிப்போட்டு வந்தேன். சொல்றது சுலுவு. ரெண்டு வெள்ளாமை ஒண்ணுமே வரலைங்க. புழு என்னைப் பாத்துச் சிரிச்சுது. அப்புறம் செவலை சாணியும் கோமியமும் போட்டுக் கரைச்சு, வேப்பங்கொட்டையை இடிச்சு ஊறப்போட்டு, புளிச்ச மோரு, மீன் கரைசல்னு ஒவ்வொண்ணாப் பழகுனேன். டேங்கைத் தூக்கறது நான். அவியளுக்கு மூச்சு ஆகாதில்லைங்களா. கோழியைச் செடிக்காட்டுக்குள்ள உட்டாப் புழுவைக் கெளறித் தின்னும். நாய் மயிலைத் தொரத்தும். செவலை சாணி போடுவா. இந்தப் பண்ணையில சோத்துக்கு வேலை செய்யாத ஒரே ஆளு இவன்தான். இவன் வேலையெல்லாம் எம் பின்னால வர்றது.

நான் டேங்கோட செடி வரிசைச் சாலுக்குள்ள எறங்குனா இவனும் எறங்குவான். நான் அந்தக் கடைசிக்குப் போனா அவனும் போவான். செடிக்கு அடிக்கறதுல பாதி இவன் முதுகுல விழும். வேப்பங்கொட்டைத் தண்ணி, கோமியம், மோரு, எல்லாம் சொட்டச் சொட்ட வருவான். குட்டியா இருந்தப்ப சிலுப்பிச் சிலுப்பி என் மேலயே தெறிப்பான். "போடா நாயே"ன்னு வைவேன். அப்புறம் சிலுப்பறதை உட்டுட்டான். நனையறது அவனுக்குச் சட்டை போட்டுக்கற மாதிரி ஆகிப்போச்சு. நான் அதைப் பெருசாவே நெனைக்கலை. யாருங்க நெனைப்பாங்க?

போன சித்திரைக்கு முனியப்பன் கோயில் திருவிழா, நோம்பி சாட்டுனாங்க. கொழுந்தனாரு வந்து, "அண்ணி, கிடா வளந்துருச்சு. வேண்டுதலை இனியும் தள்ளக்கூடாது. அண்ணனுக்கு இருமல் அதிகமாகுது"ன்னாரு. நான் தள்ளறேனாமா! அதுக்கு முன்னால வருசம் எங்க சித்தப்பா செத்துத் தீட்டு. அதுக்கும் முன்னால வருசம் இவனுக்குக் கொம்பு சரியா மொளைக்கலை. கொம்பு மொளைக்காத கிடாயை எப்படிங்க சாமிக்குக் குடுக்கறது? நாயத்தைச் சொன்னாத் தள்ளறேங்கறாரு.

சரின்னு கூட்டிக்கிட்டுப் போனோம். நானே கொம்புக்கு மஞ்சப் பூசுனேன், நானே மாலை போட்டேன். போற வழியில பாதி மாலையைத் தின்னுபோட்டான். கோயில் முன்னால பங்காளிங்க எல்லாம் கூடி நிக்கறாங்க. அருவாளோட ஆளு தயாரா நிக்குது. உங்களுக்கு எங்க வழக்கம் தெரியுமோ தெரியாதோ, சொல்றேன். பூசாரி கிடா மேல மஞ்சத்தண்ணி ஊத்துவாரு. கிடா ஒடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பணும். துலுக்கறதுன்னு சொல்லுவோம். சிலுப்புனா சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம், உடனே வெட்டிருவாங்க. சிலுப்பலைன்னா வெட்டக்கூடாது. எங்க தாத்தன் பூட்டன் காலத்துல இருந்து அப்படித்தான்.

பூசாரி ஒரு செம்பு ஊத்துனாரு. இவன் நிக்கறான். இன்னொரு செம்பு. நிக்கறான். என்னையப் பாத்துக்கிட்டு நிக்கறான். அடுத்த சால் எங்கன்னு கேக்கற மாதிரி என்னையவே பாக்கறான். கொடத்தோட கொண்டாந்து கவுத்தாங்க. தாடியில இருந்து தண்ணி ஒழுகுது, அதை நாக்கை நீட்டி நக்கிக்கறான். கூட்டத்துல பொம்பளைங்க கொலவை போட்டுப் போட்டு வாய் வலிச்சு உக்காந்துட்டாங்க. வெயில் ஏறுது. ஆக்கறதுக்கு அடுப்புக் கூட்டி வெச்சவங்க அடுப்பை அமத்துறாங்க. "சாமிக்கு மனசில்லை." "அந்த ஊட்டுல ஏதோ குத்தம் இருக்குது." எங் காதுபடப் பேசறாங்க.

அப்பத்தான் நம்ம நிர்வாகி வந்தாரு. சட்டையைக் கழட்டி வெச்சுப்போட்டு, இவன் தலையைப் புடிச்சுச் சாய்ச்சு, காதுக்குள்ள தண்ணியை ஊத்தப் போறாரு! காதுல தண்ணி போனா மனுசனே தலையை உதறுவான், ஆடு உதறாதா? எனக்கு எங்க இருந்து வந்துச்சோ கோவம், செம்பைப் புடுங்கி வீசிப்போட்டேன். "யாரைப்பா ஏமாத்தறே? என்னையா, முனியப்பனையா? கலப்படம் பண்றது உன் கடையோட நிக்கட்டும், கோயிலுக்குள்ள வேண்டாம்"னு கேட்டேன். தப்புங்களா? சாமி காரியம்னா சுத்தமா நடக்க வேண்டாமா? அதுக்காகத்தான் நான் கத்துனேன். வேற எதுக்கும் இல்லை.

அந்த மனுசன் அத்தனை பேரு முன்னாலயும் ஓன்னு அழறாரு. "அண்ணி, எனக்குச் சாமி பெருசில்லை, எங்கண்ணன்தான் பெருசு. இந்தக் கடன் தீந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். என் கையால குடுத்த மருந்து அண்ணி அது"ன்னு மண்ணுல உக்காந்துட்டாரு. கூட்டம் பூராவும் அவரு பக்கம் சாஞ்சுருச்சு. ஆம்பளை அழுதா உடனே நல்லவன் ஆகிருவான் பாருங்க. எங்க ஊட்டுக்காரரு மெதுவா வந்து, "போதும் பூவா, அவுத்து உடு"ன்னாங்க. "நீங்க வாயை மூடுங்க மாமா, மூச்சை வாங்காதீங்க"ன்னு நான்தான் அடக்குனேன்.

அதோட உட்டிருந்தாத் தொல்லை இல்லை. என் வாய் சும்மா இருந்துச்சா? சாமிக்கு மனசில்லை, ஊட்டுல குத்தம்னு திரும்பத் திரும்பச் சொன்னதுல எனக்கு ஆத்தாமை. "ஒரு குத்தமும் இல்லை. இவன் தெனமும் எங்கூடக் கரைசல் அடிக்க வர்றவன், நனைஞ்சு நனைஞ்சு தண்ணி பழகிப்போச்சு, அதான் சிலுப்பலை"ன்னு சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான். கூட்டம் அப்படியே திரும்புச்சு. "ஓகோ! அப்பப் பழக்கி உட்டது நீதானா?" "வேணும்னே பண்ணியிருக்கறா." "புருசன் உசுரை விட ஆட்டு உசுரு பெருசாப் போச்சு இவளுக்கு."

என்னையச் சொல்றாங்க கண்ணு. என்னைய! ஆசுபத்திரிப் படியில நின்னு நேந்தவளை! ராத்திரியில அவிய மூச்சு இழைக்குதான்னு மூக்குக்கிட்டக் கையை வெச்சுப் பாத்துக்கிட்டுப் படுக்கறவளை! ஒரு ஆட்டுக்காகப் புருசனைக் குடுப்பேனா நான்? சொல்லுங்க, என்னையப் பாத்தா அப்படியா தெரியுது?

பெரியவங்க உக்காந்து நாயம் சொன்னாங்க. அடுத்த சித்திரை வரைக்கும் கிடா மேல சொட்டுத் தண்ணி படக்கூடாதாம். தண்ணின்னா என்னன்னே அதுக்கு மறந்து போகணுமாம். பூசாரி சூடத்தைப் பத்த வெச்சாரு, நான் அதைக் கையால அமத்திச் சத்தியம் பண்ணுனேன். "என்னால ஒரு சொட்டுத் தண்ணி இவன் மேல படாது"ன்னு. பாருங்க உள்ளங்கையில, தழும்பு இன்னும் இருக்குது.

அன்னில இருந்து என் பொழப்பைக் கேக்காதீங்க. வெயில் ஏறிப் பனி காயற வரைக்கும் வெளிய உடறதில்லை. தொட்டியில தண்ணி குடிக்க உட்டா நெஞ்சு நனையுதுன்னு, வாய் மட்டும் போற மாதிரி பானையில வெச்சுக் காட்டறேன். செவலையைக் கழுவுனா இவனை அக்கட்டக் கொண்டுபோய்க் கட்டிருவேன். நான் டேங்கை முதுகுல மாட்டறதைப் பாத்தாப் போதும், கட்டுத்தறியில இருந்து கத்த ஆரம்பிப்பான். நான் வயலை முடிச்சு வர்ற வரைக்கும் கத்துவான். அந்தக் கத்தல் எனக்கு ஆகறதே இல்லைங்க. காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு அடிக்கறேன். சனியன், அப்படி என்ன கத்து?

இதுல வாராவாரம் கொழுந்தனாரு சோதனைக்கு வேற வந்துருவாரு. கேட்டுக்கு வெளிய வண்டியை நிறுத்திக்கிட்டு, உள்ள வர தைரியம் இல்லாம, "அண்ணி, அண்ணன் இருமறாரா? சாப்புடறாரா?"ன்னு கேப்பாரு. எதுக்குக் கேக்கறாரு தெரியுமா? இருமுனா எம் மேல பழி போடறதுக்கு. அண்ணனுக்குன்னு பேரீச்சம்பழம் வாங்கியாந்து கேட்டுல மாட்டிட்டுப் போவாரு. அந்த ஆளு குடுத்ததை நாங்க எதுக்குத் திங்கோணும்? அப்படியே இவனுக்குப் போட்டுருவேன். அதான் தொடை பாருங்க, எப்படி வெச்சிருக்கறான்னு.

எங்க ஊட்டுக்காரரும் இந்த வருசம் பூராவும் என்னமோ சொல்ல வர்றாங்க. "பூவா, அந்தக் கிடா விசயமா..."ன்னு ஆரம்பிப்பாங்க. "மூச்சைப் புடிச்சுப் பேசாதீங்க, சோத்தைத் தின்னுட்டுப் படுங்க"ன்னு சொல்லிருவேன். என்ன சொல்லிரப் போறாங்க? சீக்கிரம் வேண்டுதலை முடிம்பாங்க. எனக்குத் தெரியாதா? நான்தான் எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கறேனே. இதா, சித்திரை பொறக்கப் போகுது. கூட்டிக்கிட்டுப் போகப் போறேன், எல்லாரு முன்னாலயும் நிறுத்தப் போறேன். அப்பத் தெரியும் இந்தப் பூவாத்தா யாருன்னு.

வந்துருச்சு பாத்தீங்களா மழை. என்னமா எறங்குது! இக்கட்ட வாங்க, சாரல் அடிக்கும். டேய், நகுந்து நில்லுடா. ஓரத்துக்குப் போகாதடா. அவிய வாய்க்கால் பக்கம் போனாங்க, இன்னும் ஆளைக் காணோம். மழையில நனைஞ்சாங்கன்னா நெஞ்சு சளி கட்டிக்கும், அதையும் நான்தான் பாக்கணும்.

அடச்சீ, இந்தத் தகரத்துல எங்கயோ ஆணி ஓட்டை. சொட்டுது பாருங்க. டேய், இப்படி வா, இப்படி...

...

பாத்தீங்களா?

இல்லை, பாக்கலைன்னு சொல்லுங்க கண்ணு. ஒரே ஒரு சொட்டு. முதுகுல விழுந்துச்சு, கொம்புல இருந்து வாலு வரைக்கும் சிலுப்பிட்டான். கொடங்கொடமா ஊத்துனப்ப நின்னவன். ஒரு சொட்டுக்கு!

நல்லதுதானுங்களே. அதுக்குத்தானே இத்தனை நாள் பாடுபட்டேன். இனி சித்திரையில பூசாரி செம்பைத் தூக்குனாலே போதும், சிலுப்பிருவான். உடனே முடிஞ்சுரும். வேண்டுதல் தீந்துரும், ஊரு வாய் அடைஞ்சுரும், அவியளுக்கும் ஒரு கொறையும் வராது. எனக்குச் சந்தோசம்தான். இருங்க, இந்தத் தூணைப் புடிச்சுக்கறேன். ஏன்டா சிலுப்புனே? ஏன்டா, அறிவு கெட்டவனே, யாரு உன்னையச் சிலுப்பச் சொன்னது? பால் குடுத்து வளத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டயா நீ?

அதா வர்றாங்க பாருங்க, தொப்பலா நனைஞ்சு. மாமா! வேகமா வாங்க, உள்ள வாங்க! இந்தத் துண்டைப் புடிங்க, தலையைத் தொவட்டுங்க மொதல்ல. இவங்க காய் வாங்க வந்தவங்க. என்ன பாக்கறீங்க? ஒண்ணும் இல்லை. ஒரு சொட்டு ஒழுகுச்சு, அவ்வளவுதான். ஆமா, சிலுப்புனான். நீங்களும் பாத்துட்டீங்களா? சரி, பாத்தா என்ன இப்ப?

மாமா, என்ன பண்றீங்க? கயித்தை எதுக்கு அவுக்கறீங்க? மாமா! மழைங்க வெளிய! அவனை எங்க இழுத்துக்கிட்டுப் போறீங்க? நான் சூடத்தை அமத்தியிருக்கறேன், ஞாவகம் இருக்குதா உங்களுக்கு? உங்க உசுருக்காக நேந்ததுங்க அது! மாமா, சொன்னாக் கேளுங்க!

கேட்டீங்களா கண்ணு, என்ன சொல்றாங்கன்னு? இந்த வருசம் பூராவும் சொல்ல வந்தது இதுதானாமா. "எனக்கு வர்றது எனக்கு வரட்டும் பூவா. அதை இவன் தலையில எதுக்குக் கட்டறே?"ங்கறாங்க. பேச்சைப் பாருங்க. மூச்சு விட முடியலை, பேச்சை மட்டும் பாருங்க.

நடுத் தோட்டத்துல போய் நின்னுக்கிட்டாங்க ரெண்டு பேரும். கத்திரிச் சாலுக்குள்ள. அவன் மறுபடியும் சிலுப்பறான். சிலுப்பட்டும், மழை உடாது, எத்தனை தடவை சிலுப்புவான்? மறுபடியும் நனைஞ்சு பழகிரும். இந்தக் கோடை மழை ஒருக்கா ஆரம்பிச்சா நாலஞ்சு நாளைக்குத் தெனமும் வரும். மழை வந்து நனைச்சா நாம என்னங்க பண்ண முடியும்? என்னால ஒரு சொட்டுப் படாதுன்னுதான் நான் சத்தியம் பண்ணுனேன். இது என்னால இல்லைங்களே. அவிய சத்தியம் எதும் பண்ணலைங்களே. இல்லைங்களா? நீங்களே சொல்லுங்க, நீங்க படிச்சவங்க.

கொழுந்தனாரு வந்து கேக்கட்டும். வரட்டும், நான் பாத்துக்கறேன்.

ஆனா அந்த மனுசன் நெஞ்சு தாங்காதுங்க. இந்த மழைக்குத் தாங்காது. நான் போறேன். அந்த மூலையில கோணிச்சாக்குக் கெடக்குது, எடுத்துக் குடுங்க கண்ணு. ரெண்டு எதுக்குங்க? ஒண்ணு போதும். அவிய தலைக்கு மட்டும்.